ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாய்ப்பால் கட்டுரை

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஃபோன். தெரியாத நம்பர். எடுத்ததும், "மேடம், உங்க கட்டுரைய எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல ஒட்டி வெச்சிருக்கறனுங்க" என்றது ஒரு பெண் குரல்.

எழுதுகிற யாரிடமாவது இப்படி ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அதற்கப்புறம் நீங்கள் எதைக் கேட்டாலும் சரி என்பார்கள். நானும் சரி என்றேன். என்ன கேட்கப்போகிறார் என்று தெரிவதற்கு முன்னாலேயே.

பேசியவர் பெயர் சரோஜா. கரூர்க்காரர். அவருடைய மகன் கார்த்திக், மருமகள் சுகன்யா இரண்டு பேருக்கும் இங்கே கொல்கத்தாவில், நியூ டவுனில் ஐ.டி. வேலை. சுகன்யாவை எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு எங்கள் லேக் கார்டன்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடியபோது, நிறைமாத வயிற்றோடு வந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்த பெண். இப்போது பையனுக்கு ஏழு மாதம். ஆறு மாத லீவு முடிந்து, அவள் வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. பேரனைப் பார்த்துக்கொள்ள சரோஜா வந்திருக்கிறார்.

"ஆபீஸ் போன ஒரே மாசத்துல பாலை நிறுத்திப்போட்டாளுங்க. டப்பாப் பாலுதான் பையனுக்கு. உடம்பு அழகு கெட்டுப்போயிரும்னு நெனைக்கறாளோ என்னமோ. நான் சொன்னா காதுல வாங்கறதில்ல. நீங்க எழுதறவுங்க, ஒருக்கா வந்து ரெண்டு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாளுங்க."

சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன்.

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருப்பது எந்தக் கட்டுரை என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் லேக் கார்டன்ஸிலிருந்து நியூ டவுனுக்கு ஒரு கேப். வழியெல்லாம் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கார் நின்று நின்று போனதில் எனக்கு வசதி, பேசவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். தாய்ப்பாலில் என்னென்ன சத்து, எத்தனை நோய் அண்டாது, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் எப்படி ஒட்டுதல் வரும்... என் ரெண்டு பிள்ளைகளையும் நான் எப்படி வளர்த்தேன் என்பதுவரை தயார். இதமாகச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் அழுதால் தோளில் தட்டிக்கொடுக்க வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன். கற்பனையைப் பாருங்கள்.

பதினாலாவது மாடி. கதவு திறந்ததும் சரோஜா என்னை நேராக ஃப்ரிட்ஜ் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஹௌரா பாலம் போட்ட காந்தம் ஒன்று பிடித்துக்கொண்டிருக்க, நான்கு ஓரமும் செல்லோ டேப் ஒட்டிய பழுப்புக் காகிதம். மூலையில் என் பழைய ஃபோட்டோ. ஆறு ஏழு வருடத்துக்கு முன் இதே பக்கத்தில் எழுதியது. தலைப்பு: 'டப்பாவைத் திறக்கும் அம்மாக்களுக்கு...'

நடுவில் ஒரு வாக்கியத்துக்கு அடியில் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு. அதை அப்படியே தருகிறேன். எழுதியவள் நான்தானே, மறைப்பானேன்?

'நெயில் பாலிஷ் காய்வதற்குப் பத்து நிமிடம் விரலை நீட்டிக்கொண்டு உட்காரத் தெரிந்த இந்தக் காலத்து அம்மாவுக்கு, பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பத்து நிமிடம் கிடைக்கவில்லையா?'

அந்த வாரம் நிறையப் பாராட்டுக் கடிதங்கள் வந்தது ஞாபகம் இருக்கிறது. பெரும்பாலும் ஆண் வாசகர்களிடமிருந்து.

சுகன்யா உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் பையன், மறு கையில் பாட்டில். நான் முதலில் பார்த்தது அவள் விரல்களை. நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தாள். பிள்ளை மேல் கீறல் விழக்கூடாது என்று குழந்தை வைத்திருக்கிறவர்கள் வெட்டுவார்களே, அப்படி.

"வாங்க ஆன்ட்டி" என்றாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், "பாட்டில் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கறப்பல்லாம் உங்களைப் படிச்சுட்டுத்தான் திறக்கறேன். மனப்பாடமே ஆயிடுச்சு" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நான் ஒத்திகை பார்த்து வந்ததில் ஒரு வரியும் வாயில் வரவில்லை. ஏன் நிறுத்தினாய் என்று மட்டும் கேட்டேன். நிறுத்தவில்லை, நின்றுகொண்டிருக்கிறது என்றாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் சொல்லச் சொல்ல, எனக்குக் காது சுட ஆரம்பித்தது.

அவள் ஆபீஸில் தாய்மார்களுக்கென்று ஒரு அறை உண்டு. கதவில் அம்மாவும் பிள்ளையும் படம், அழகான பெயர்ப் பலகை, கம்பெனி வெப்சைட்டில் அந்த அறையின் ஃபோட்டோ எல்லாம் உண்டு. ஆனால் பூட்டியிருக்கும். சாவி கீழ்த்தளத்தில் அட்மின் டெஸ்க்கில். சாவி வேண்டுமென்றால் ஒரு ரெஜிஸ்டரில் பெயர், எம்ப்ளாயி நம்பர், போகிற நேரம், வருகிற நேரம் எழுத வேண்டும். கடைசிக் கட்டம், 'காரணம்'.

தாய்மார் அறைக்குப் போகிற தாய் என்ன காரணம் எழுதுவாள்? ஷட்டில் காக் விளையாட என்றா?

முதல் நாள் 'பம்ப்' என்று எழுதியிருக்கிறாள். பம்ப் வைத்துப் பாலை எடுத்துப் பாட்டிலில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருகிற வேலை அது. டெஸ்க்கில் இருந்தவர் அதைப் படித்து, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான். சிரிக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. காட்டினார். மறுநாள் முதல் 'பர்சனல்' என்று எழுத ஆரம்பித்திருக்கிறாள்.

அதுவும் பத்து நாள்தான். பிறகு ஒரு காலை சாவியே இல்லை. போய்ப் பார்த்தால் அறைக்குள் தரையிலிருந்து கூரைவரை தெர்மோகோல். ஆபீஸ் துர்கா பூஜை அலங்காரச் சாமான்கள். வாடகைக்கு எடுத்த இரண்டு டாக் மேளம், மூட்டை மூட்டையாக பிளாஸ்டிக் தாமரை. பால் எடுக்கிற நாற்காலியின் மேல் சுருட்டி வைத்த பேனர், 'மா ஆஸ்சேன்'. அம்மா வருகிறாள் என்று அர்த்தம்.

அதை ஃபோட்டோ எடுத்து வைத்திருந்தாள், ஃபோனில் காட்டினாள். நான் கொல்கத்தாவுக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இந்த ஊர் அந்த அம்மாவைக் கொண்டாடுவதை மனம் நிறையப் பார்த்து வந்திருக்கிறேன். நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறவள் அவள். அவளுக்கு அலங்காரம் வைக்க இடம் வேண்டும் என்று, பிள்ளை பெற்றவளின் நாற்காலியை எடுத்துக்கொண்டார்களே... அந்தத் தேவிக்கே அடுக்குமா இது?

அதற்குப் பிறகு சுகன்யா டாய்லெட்டில்தான் எடுத்திருக்கிறாள். மூடிய கமோடின் மேல் உட்கார்ந்து. வெளியே கதவைத் தட்டுகிற சத்தம். அங்கே எடுத்ததைப் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வருமா? பேசினில் கொட்டியிருக்கிறாள். மீட்டிங் நீண்டுபோகிற நாட்களில் அதுவும் கிடையாது. மார் கல்லாய்க் கட்டி, ஒரு தடவை காய்ச்சல். சட்டை நனைந்தால் மறைக்க, எந்நேரமும் தோளில் ஒரு துப்பட்டா. எடுக்க எடுக்கத்தானே சுரக்கும்? எடுக்காவிட்டால் குறையும். குறைந்தது. டப்பா திறந்தது.

"வேணாம்னு முடிவு எடுத்து நிறுத்தினேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. நான் எப்ப ஆன்ட்டி முடிவு எடுத்தேன்?"

இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன்னால் வைக்க இந்த வாரம் உட்கார்ந்தேன். அம்மாக்கள் முடிவெடுக்கிறார்கள், முடிவெடுக்கிறார்கள் என்கிறோமே... லீவு கொடுக்கிறவர் ஒருவர், சாவி வைத்திருப்பவர் ஒருவர், மீட்டிங் போடுகிறவர் ஒருவர், பால் பத்தலையா என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற சொந்தக்காரர்கள் ஒரு டஜன். இத்தனை பேர் முடிவெடுத்த பிறகு மிச்சம் இருப்பதற்குப் பெயர் அம்மாவின் முடிவா? தாய்ப்பால் கொடுப்பதைப் போல் நாம் புகழ்கிற வேலை வேறு இல்லை. அதைப் போல் ஒளித்துச் செய்யச் சொல்கிற வேலையும் இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் போஸ்டர், வாட்ஸப்பில் வாழ்த்து, பத்திரிகையில் என்னைப் போன்றவர்களின் உபதேசம். பெரிதாகப் பேசுகிற இத்தனை பேரில் ஒரு நாற்காலி கொடுக்க ஆள் இல்லை.

என்னையும் விடப்போவதில்லை. என் பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் கொடுத்தேன் என்று பெருமையாக எழுதினேனே, எப்படிக் கொடுத்தேன்? என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனார், நான் வீட்டில் இருந்தேன். இரண்டு மாதம் என் அம்மா வந்து சமைத்துப் போட்டார். ரெஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டிய அவசியம் எனக்கு ஒரு நாளும் வரவில்லை. இந்த வசதிக்கு நான் 'தாய்மை' என்று பெயர் வைத்திருந்தேன்.

சுகன்யா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ராஜினாமாக் கடிதம். டைப் செய்து வைத்திருந்தாள், திங்கட்கிழமை காலையில் அனுப்புவதாக. ஏழு வருட வேலை, அடுத்த மாதம் டீம் லீடாகப் போகிறவள். கார்த்திக் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். சோஃபாவில் உட்கார்ந்திருந்த கார்த்திக், "அவ என்ன டிசைட் பண்ணாலும் எனக்கு ஓகே ஆன்ட்டி" என்றார். நல்ல பையன்தான். ஆனால் இந்த 'ஓகே'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ராத்திரி பகல் பாராமல் இரண்டு பேர் பெற்றவர்களாக இருக்க வேண்டிய இடத்தில், ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்து கைதட்டத் தயாராக இருப்பதுதான் இந்த ஓகே.

சரோஜா எதற்கும் அசையவில்லை. வேலையை விட்டால் நல்லதுதானே, பிள்ளையைவிட வேலையா பெரிது என்றார். எங்க காலத்துல ஆபீஸும் இல்லை, அறையும் இல்லை என்றார். சொல்லிக்கொண்டே இருந்தவர், குழாய்ச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்களுக்குத்தான் பெங்காலி வருமே. இந்த ஆயாப்புள்ளைய ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. பதினோரு மணிக்கு ஒருக்கா, ரெண்டு மணிக்கு ஒருக்கா பாத்ரூமுக்குள்ள போயிருது. போனா கால் மணி நேரம். குழாய் ஓடிட்டே இருக்குது. உள்ள ஃபோன் பேசுதோ என்னமோ தெரியலீங்க."

ஆயா என்றால் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே குழந்தையையும் நோயாளியையும் பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கு அந்தப் பெயர். ஆயா சென்டர் என்று தெருவுக்குத் தெரு ஒன்று இருக்கும். அங்கே சொன்னால் பன்னிரண்டு மணி நேர ட்யூட்டிக்கு ஆள் அனுப்புவார்கள். இந்த வீட்டுக்கு வருகிற பெண்ணின் பெயர் மிட்டு. இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும். வந்து மூன்று வாரம். பாங்கர் பக்கத்துக் கிராமத்திலிருந்து டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா பிடித்து, பஸ் பிடித்து, காலை எட்டுக்கு இங்கே இருப்பாள். சரோஜாவுக்கு பெங்காலி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. மூன்று வாரமும் கையாட்டியே குடித்தனம் நடந்திருக்கிறது.

சரோஜா போய்க் கதவைத் தட்டினார். குழாய் நின்றது. மிட்டு வெளியே வந்தாள், மார்பின் மேல் துண்டைப் போட்டுப் பிடித்தபடி. துண்டுக்குக் கீழே ரவிக்கை நனைந்திருந்தது.

எனக்குப் புரியவில்லை. சரோஜாவுக்கும் புரியவில்லை. சுகன்யாவுக்குப் புரிந்துவிட்டது. தினமும் அதையே செய்கிறவளுக்குப் புரியாதா?

"எத்தனை மாசக் குழந்தை?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

மிட்டு என்னைப் பார்த்தாள், சரோஜாவைப் பார்த்தாள். பிறகு ஐந்து விரலைக் காட்டினாள். காட்டிய கையோடு என்னிடம் பெங்காலியில் கெஞ்ச ஆரம்பித்தாள். சென்டருக்குச் சொல்லிவிடாதீர்கள் மாசிமா, வேலை போய்விடும் என்று. சென்டரில் முதல் கேள்வியே வீட்டில் கைக்குழந்தை உண்டா என்பதுதானாம். உண்டு என்றால் அனுப்ப மாட்டார்கள். மனசு வீட்டிலேயே இருக்கும், இன்னொரு வீட்டுப் பிள்ளையைச் சரியாகப் பார்க்க மாட்டாள் என்று. அதனால் பிள்ளைக்கு நாலு வயது என்று சொல்லி வைத்திருக்கிறாள். வீட்டில் இருப்பது ஒரே பிள்ளை, துலி என்று பெயர், ஐந்து மாதம்.

இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கி வளர்க்க ஆள் வேண்டும். ஆனால் அவளுக்குப் பிள்ளை இருக்கக்கூடாது. நன்றாக இருக்கிறது இல்லையா இந்த நியாயம்?

சரோஜா நடந்தது தெரியாமல் என் கையைப் பிடித்து இழுத்தார். சொன்னேன். அவளைக் கேளுங்க என்று அவர் ஆரம்பித்தார். அப்புறம் அவர் கேட்கக் கேட்க நான் பெங்காலியில் கேட்டேன், மிட்டு சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? மாமியார். பகலெல்லாம் என்ன குடிக்கிறது? ஜவ்வரிசிக் கஞ்சித் தண்ணீர், சில நாள் பவுடர் பால். இங்கே எடுக்கிற பாலை என்ன செய்கிறாய்? பேசினில் விட்டுக் குழாயைத் திறந்துவிடுகிறேன், சத்தம் கேட்கக்கூடாதே என்று.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். பதினோரு மணிக்கு ஆபீஸ் டாய்லெட்டில் ஒருத்தி பாலைக் கொட்டுகிறாள். அதே பதினோரு மணிக்கு அவள் வீட்டு பாத்ரூமில் இன்னொருத்தி பாலைக் கொட்டுகிறாள். பெற்ற இரண்டு பிள்ளைகளும் வேறு எதையோ குடித்துக்கொண்டிருக்கின்றன. ஃப்ரிட்ஜில் என் கட்டுரை அம்மாக்களுக்குப் பத்து நிமிடம் இல்லையா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரோஜா கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னார். ஒரு மாமியார் இன்னொரு மாமியாரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது இயல்புதான்.

"அவ மாமியார் இதுக்கு ஒண்ணும் சொல்லறதில்லையாமா?"

கேட்டேன். மிட்டு சொன்னாள்.

"சொல்லுங்கக்கா."

"பட்டணத்துக்குப் போனதும் மேம்சாஹிப் ஆயிட்டாளாம். உடம்பு அழகு கெட்டுப்போயிடும்னு பாலை நிறுத்திட்டாளாம். ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்களாம்."

இதை நான் தமிழில் சொல்லி முடித்தபோது அந்த ஹாலில் இருந்த நான்கு பெண்களில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த வார்த்தையை சரோஜா எனக்கு ஃபோனில் சொல்லி நாலு நாள்கூட ஆகவில்லை. நான் எழுதியதும் அதுதான், நெயில் பாலிஷ் பூசி எழுதியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். கரூரில் ஒரு வாய், பாங்கரில் ஒரு வாய், லேக் கார்டன்ஸில் ஒரு பேனா. அம்மாவைப் பற்றிக் கேவலமாக நினைக்க மொழி ஒரு தடையே இல்லை.

சரோஜா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் தன்னுடைய ரவிக்கை ஒன்று. "ஈரத்தோட நிக்காத சாமி" என்று மிட்டுவிடம் நீட்டினார். தமிழில்தான் சொன்னார். அவளுக்கு அது இரண்டு சுற்று பெரிது. போட்டுக்கொண்டு வந்தாள்.

மன்னிப்பு, கண்ணீர், கட்டிப்பிடித்தல் எதுவும் நடக்கவில்லை. சரோஜா சுகன்யாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன். ராஜினாமாக் கடிதம் லேப்டாப்பில் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை அதை அனுப்பிவிடுவாளே என்பதுதான் வீடு வந்து சேருகிறவரை என் கவலை.

திங்கள் மத்தியானம் சுகன்யாவின் ஃபோன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் பிடிபடவில்லை.

காலையில் அவள் கேப் ஏறும்போது சரோஜாவும் ஏறியிருக்கிறார், பேரனோடு. எங்கே அத்தை என்றதற்கு, அந்த ரூமை நான் பார்க்கோணும் என்றாராம். விசிட்டரை உள்ளே விட மாட்டார்கள். சரி, இங்கேயே உட்காருகிறேன் என்று ரிசப்ஷன் சோஃபாவில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணிக்குப் பையன் பசித்து வீறிட, சுகன்யாவைக் கீழே கூப்பிட்டிருக்கிறார். சுகன்யா டெஸ்க்கில் சாவி கேட்க, பூஜை முடிகிறவரை கஷ்டம் மேடம் என்ற வழக்கமான பதில். என்ன சொல்கிறான் என்று சரோஜா கேட்க, இவள் சொல்ல...

"அப்ப இங்கயே குடு கண்ணு. நான் மறைச்சுக்கறேன்" என்றாராம்.

சுகன்யா கொடுத்திருக்கிறாள். கண்ணாடிக் கதவும், கம்பெனி பெயர்ப் பலகையும், போகிற வருகிற மேனேஜர்களும் இருக்கிற ரிசப்ஷன் சோஃபாவில், மாமியாரின் சேலைத் தலைப்புக்குப் பின்னால். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பையன் ஒரு பக்கம் குடித்து முடிப்பதற்குள் மேலேயிருந்து தெர்மோகோல் இறங்க ஆரம்பித்திருக்கிறது. பிளாஸ்டிக் தாமரை மூட்டைகள் ஒவ்வொன்றாக லிஃப்ட்டில் வந்திருக்கின்றன. அரை மணியில் அறை காலி.

அரை மணி. மூன்று வாரமாக ஒருத்தி டாய்லெட்டில் உட்கார்ந்திருந்ததற்குத் தீர்வு, யாராவது எழுந்தால் முடிகிற அரை மணி வேலை. ஒரு பெண் உடம்பு நோகக் கேட்டால் நடக்காதது, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் நடக்கிறது. இதை நினைத்தால் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் எனக்கு அதிகமாக வருகிறது.

ராஜினாமா அனுப்பவில்லை. ரெஜிஸ்டரில் இப்போது காரணம் என்ற கட்டத்தில் 'என் மகனுக்குச் சாப்பாடு' என்று ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதுகிறாளாம். பால் பழையபடி ஆகுமா? தெரியாது. கொஞ்சம் வந்தாலும் வரட்டும், வராவிட்டால் டப்பா இருக்கிறது, அதுவும் சாப்பாடுதான் என்றேன். ஆறு வருடத்துக்கு முன் நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அது.

மிட்டு?

அவளுக்கு ரெஜிஸ்டர் கிடையாது, தேடுவதற்குச் சாவி கிடையாது, உட்காருவதற்கு ரிசப்ஷன் கிடையாது. துலியைத் தூக்கிக்கொண்டே வரட்டும் என்று சரோஜா சொல்லிப் பார்த்தார். வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு அந்த அடுக்குமாடியில் அனுமதி இல்லையாம், அசோசியேஷன் விதி. நாய்க்கு அனுமதி உண்டு. கேட்டில் அதற்குத் தனி அட்டை கொடுக்கிறார்கள். சரோஜா செக்ரட்டரியைப் பார்க்கப் போனார், மொழிபெயர்க்க கார்த்திக்கைக் கூட்டிக்கொண்டு. இந்தத் தடவை ஓகே சொல்ல விடவில்லை. பேச வைத்திருக்கிறார். அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்று பதில். அடுத்த மீட்டிங் பூஜை முடிந்து.

அதுவரை? மிட்டு இப்போது பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகிறாள். மிச்ச நேரத்தை சரோஜா பார்த்துக்கொள்கிறார், சம்பளம் குறையவில்லை. சுகன்யா தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, பழைய பம்ப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். குழாய் ஓடுவதில்லை. பகலில் எடுத்த பால் பாட்டிலில் ஃப்ரிட்ஜுக்குள் போகிறது, சாயந்தரம் ஐஸ் வைத்த பையில் பஸ் ஏறித் துலிக்குப் போகிறது.

இந்த வாரம் அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார்கள். துலியின் பாட்டில் நின்ற தட்டில் வேறு எதுவும் இல்லை. ஊறுகாய், தயிர் எல்லாம் மேலே ஏறியிருந்தன. தனித் தட்டு. அது எனக்குச் சுருக்கென்றது. சரோஜாவுக்கும் தெரிந்திருக்கும், "இந்த வாரம் இப்படி இருக்கட்டுமுங்க" என்றார். அடுத்த வாரம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கத்தான் போகிறேன்.

கதவைச் சாத்தினார். அப்போதுதான் பார்த்தேன். அதே காந்தம், அதே பழுப்புக் காகிதம், ஆனால் என் ஃபோட்டோவைக் காணோம். காகிதத்தைத் திருப்பி ஒட்டியிருந்தார். பின்பக்கம் ஒரு சமையல் குறிப்பு, பிள்ளை பெற்றவர்களுக்கான பூண்டுக் குழம்பு.

கிழித்துப் போட்டிருக்கலாமே என்றேன்.

"அதெப்படிங்க? இதை வெட்டி வெச்சதே குழம்புக்குத்தானுங்க, என்ற மக பிரசவத்தப்ப. உங்க கட்டுரை பின்னால இருந்ததைப் போன மாசந்தான் பாத்தேன்."

ஆகவே வாசகர்களே, இந்த வாரப் பக்கத்தின் பின்னால் என்ன அச்சாகப்போகிறதோ எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டுவதானால் அது வெளியே தெரியும்படி ஒட்டுங்கள்.